ஒரே மேட்ச்சில் ‘திறமையின்மை’யா? கிளப் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டித் தலைவர் மாமாவுக்கும், செயலாளர், பொருளாளர் அண்ணன்மாருக்கும், மற்ற உறுப்பினர்களுக்கும்,

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வரும்போது படிப்பகத்துப் பலகையில் நீங்கள் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். மூன்றே வரி. கால்பந்து லீக்கின் முதல் மேட்ச்சில் கோல் அடிக்கத் தவறிய முன்கள ஆட்டக்காரர் இருவரும் ‘திறமையின்மை காரணமாக’ அணியிலிருந்து நீக்கப்படுகிறார்கள். மீதி சீசனுக்கு வெளியிலிருந்து இரண்டு கெஸ்ட் பிளேயர்கள் வருவார்கள். அதற்கான தொகை ஊரார் கொடுத்த படகுப் பணத்திலிருந்து எடுக்கப்படும். கீழே கையெழுத்து, முத்திரை.

ஆளை மாற்றுவது கமிட்டியின் உரிமை. கோச்சும் நீங்களும் கூடிப் பேசி ஒருவரை வெளியே உட்கார வைத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பத்தொன்பது வயதுப் பையனின் பேருக்கு நேராக, அவன் அம்மா தினமும் தண்ணீர்க் குடத்தோடு கடந்து போகிற பலகையில், ‘திறமையின்மை’ என்று எழுதி முத்திரையும் குத்தியதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதுவும் எழுபது நிமிட ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு.

வெளியூர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஊர்ப் பெயர், கிளப் பெயர், பையன்கள் பெயர் எதையும் எழுதவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குக் கரையில் ஒரு மீனவ ஊர் என்றால் போதும். என்னை உங்களுக்குத் தெரியும். கடல் பக்கக் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் குட்டிச்சுவரில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் பி.டி. டீச்சர். நீக்கப்பட்ட அந்தப் பத்தொன்பது வயதுப் பையன், நம் சென்டர் ஃபார்வர்டு ஒன்பதாம் நம்பர், ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் விளையாடிப் படித்தவன். டீச்சருக்குப் பிள்ளைப் பாசம் என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பாசத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நோட்டைப் பாருங்கள்.

ஆறு வருஷமாக நம் அணியின் எல்லா மேட்ச்சையும் அந்த நோட்டில் குறித்து வருகிறேன். பாதி ஆட்டத்துக்கு ஒரு பக்கம். கிரவுண்டைப் போலப் பெட்டி போட்டு, ஷாட் அடித்த இடத்தில் வட்டம், பந்து பறிபோன இடத்தில் பெருக்கல் குறி. சென்டர் ஃபார்வர்டுக்குப் பந்து வந்தால் ஒரு அம்பு. தரையோடு காலுக்கு வந்தால் நேர் அம்பு, தூக்கி அடித்து வந்தால் வளைந்த அம்பு. அன்றைக்குத் தூறிய மழையில் இரண்டாம் பாதிப் பக்கம் கொஞ்சம் ஊறிப்போயிருக்கிறது. ஆனாலும் எண்ண முடிகிறது.

நாம் அடித்த ஷாட் 11. அவர்கள் அடித்தது 4. நம்முடைய 11-இல் ஆறு, கோலுக்கு முன்னால் உள்ள பாக்ஸுக்கு உள்ளேயிருந்து. இரண்டு கம்பத்தில் பட்டுத் திரும்பின. ஒன்றை அவர்களுடைய ஸ்டாப்பர், அதாவது நடுத் தற்காப்பு ஆட்டக்காரன், கோல் கோட்டின் மேல் முழங்காலால் தடுத்தான். எப்படித் தடுத்தான் என்று அவனுக்கே தெரியாது, திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மூன்றைக் கீப்பர் பிடித்தார். மற்ற ஐந்தும் வெளியே. அவர்கள் போட்ட கோல் எப்படி வந்தது? இரண்டாம் பாதியில், நடுக் கோட்டுக்கு அருகிலிருந்து அடித்த ஃப்ரீ கிக். கடல் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய் நம் கீப்பரின் கைக்கும் பாருக்கும் நடுவில் இறக்கியது. 0-1. அந்தக் கோலுக்குக் காற்றுக்குத்தான் மெடல் கொடுக்க வேண்டும்.

இனி அம்புகளுக்கு வருகிறேன். உங்கள் தீர்மானத்துக்கு நேர் எதிரான சாட்சி அங்கேதான் இருக்கிறது. எழுபது நிமிடத்தில் ஒன்பதாம் நம்பருக்குப் பந்து வந்தது 23 தடவை. அதில் வளைந்த அம்பு 16. அதாவது பதினாறு தடவை தலைக்கு மேலே, முதுகைக் கோலுக்குக் காட்டி நிற்கும்போது, பின்னால் ஒரு சாண் உயரம் கூடிய ஸ்டாப்பர் சாய்ந்து நிற்க வந்த பந்து. அந்தப் பதினாறில் கிடைத்தது ஒரே ஒரு ஷாட். தரையோடு காலுக்கு வந்தது 7. அந்த ஏழில் நான்கு ஷாட். அந்த நான்கில்தான் கம்பத்தில் பட்ட இரண்டும், கோட்டின் மேல் தடுத்த ஒன்றும் இருக்கின்றன. காலுக்குப் பந்து கொடுத்தால் இரண்டு தடவைக்கு ஒரு தடவை ஷாட் அடிக்கும் பையனுக்குத் திறமையின்மை என்று பெயர் வைத்தால், திறமைக்கு என்ன பெயர் வைப்பது?

அந்த ஏழு நேர் அம்பில் ஆறு, முதல் நாற்பது நிமிடத்தில் வந்தவை. நாற்பதாவது நிமிடத்தில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? நம் எட்டாம் நம்பர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு பேர் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு நடுக்களத்தில் பந்தைத் தரையில் வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. அவன் ஏன் உட்கார்ந்தான் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மேட்ச்சுக்கு மூன்று நாள் முன்னால்தான் கரை இறங்கினான். முப்பத்து நாலு நாள் ஆழ்கடலில் இருந்துவிட்டு, கொச்சி தோப்பும்படித் துறைமுகத்தில் மீனை இறக்கி, கணக்கு முடித்து, பஸ் ஏறி வந்தவன். கரைக்கு வந்து இரண்டு மூன்று நாளைக்குத் தரை ஆடுவது போலவே இருக்கும் என்று நீங்களே எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்களில் பாதிப் பேர் படகோடியவர்கள்தானே. அந்தக் கால்களை வைத்துக்கொண்டு அவன் நாற்பது நிமிடம் ஆடியதே பெரிது. அவனோடு சேர்த்து அன்று களத்தில் இருந்த பதினொரு பேரில் நாலு பேர் அந்த வாரம்தான் கடலிலிருந்து வந்தவர்கள். அந்த அணி ஒன்றாக நின்று பயிற்சி செய்தது மொத்தம் ஒரே ஒரு மாலை. அதுவும் இருட்டிய பிறகு.

இன்னொன்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்தப் பதினாறு வளைந்த அம்பும் பையன்கள் தாங்களாக அடித்தவையா? இரண்டாம் பாதி முழுக்க, நாற்காலி போட்டுக் குடை பிடித்திருந்த இடத்திலிருந்து, “தூக்கி அடி மக்கா, தூக்கி அடி” என்று கத்தியது யார்? எதிர்க்காற்று. ஜூன் மாதத்துக் காற்று எப்படி என்று தெரிந்த கடற்கரைக்காரர்கள் நீங்கள். காற்றுக்கு எதிரே தூக்கி அடித்த பந்து பாதி வழியில் நின்று கீழே விழுந்தது. அதைத் துரத்தி ஓடி மூச்சு வாங்கியவனைத்தான் இப்போது நீக்கியிருக்கிறீர்கள். கோச் பாவம், ‘தரையில ஆடுங்கடே’ என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். குடைக்கடியிலிருந்து வந்த சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

பி.டி. டீச்சர் கணக்குச் சொல்கிறாள் என்று சிரிக்காதீர்கள், இது பள்ளிக்கூடக் கணக்குத்தான். பெரிய லீக்குகளில் வருஷக்கணக்காக எண்ணிப் பார்த்ததில், சராசரியாகப் பத்து ஷாட்டுக்கு ஒரு கோல் என்கிற அளவில்தான் விழுகிறது. பெனால்டியே நாலில் ஒன்று தவறிப் போகிறது. பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்தால் நூற்றுக்கு மூன்று, நான்கு உள்ளே போனால் அதிகம். பத்துக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். 11 ஷாட் அடித்தும் ஒரு கோல்கூட விழாமல் போவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய 31 சதவீதம். அதாவது அணி நன்றாகவே ஆடினாலும் இப்படிப்பட்ட மேட்ச்சுகளில் மூன்றில் ஒன்று கோலில்லாமல் முடியும். இந்தத் தடவை அந்த மூன்றில் ஒன்று சீசனின் முதல் நாளிலேயே வந்து விழுந்திருக்கிறது. ஐந்தாவது மேட்ச்சில் வந்திருந்தால் ‘இன்றைக்கு நேரம் சரியில்லை’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பீர்கள்.

முதல் மேட்ச்சை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பது நம் ஊருக்கே நன்றாகத் தெரிந்த விஷயம். 2022 நவம்பர் 22, மதியம் மூன்றரை மணி. லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவுக்கு முதல் மேட்ச், சவூதி அரேபியாவோடு. பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டி. பிறகு முதல் பாதியிலேயே மூன்று தடவை பந்து வலைக்குள் போனது, மூன்றும் ஆஃப்சைடு. இடைவேளை முடிந்து ஐந்து நிமிட இடைவெளியில் சவூதி இரண்டு கோல் போட்டுவிட்டது. 36 மேட்ச் தோற்காமல் வந்தவர்கள் 1-2 என்று தோற்றார்கள். அன்று சாயங்காலம் நம் பொருளாளர் அண்ணன் மொட்டை மாடியிலிருந்து நீல வெள்ளைக் கொடியை அவிழ்த்து மடித்து அலமாரியில் வைத்ததை நான் மறக்கவில்லை. டிசம்பர் 18 இரவு அதே கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் ஆடியதையும் மறக்கவில்லை.

அந்த நாலு வாரத்தில் அர்ஜென்டினா கோச் ஸ்கலோனி என்ன செய்தார்? ஆளை மாற்றவே இல்லையா என்றால், மாற்றினார். அடுத்த மேட்ச்சுக்கே ஐந்து பேரை மாற்றினார். ஆனால் சவூதிக்கு எதிராக கோல் இல்லாமல் போன லௌதாரோ மார்ட்டினெஸை அந்த அடுத்த மேட்ச்சிலும் முதல் பதினொன்றில் இறக்கினார். மூன்றாவது மேட்ச்சிலிருந்துதான் ஹூலியன் ஆல்வரெஸ் முதல் பதினொன்றில் வந்தார், நாலு கோல் அடித்தார். சரி, லௌதாரோவைத் தூக்கி எறிந்துவிட்டாரா? காலிறுதியில் நெதர்லாந்தோடு பெனால்டி ஷூட் அவுட்டில் கடைசிப் பந்தை அடித்து ஜெயித்துக் கொடுத்தது அந்த லௌதாரோதான். பெஞ்சில் உட்கார வைப்பதற்கும் பலகையில் பெயர் எழுதி ஒட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கே தெரிகிறது.

இதன் மறுபக்கமும் அதே உலகக் கோப்பையில் இருக்கிறது. அர்ஜென்டினா தோற்ற மறுநாள் ஸ்பெயின் தன் முதல் மேட்ச்சில் கோஸ்டாரிகாவை 7-0 என்று அடித்தது. ஊரே அன்று ஸ்பெயின் கட்சி. டிசம்பர் 6-ஆம் தேதி மொராக்கோவோடு அதே அணி 120 நிமிடம் ஆடியும் ஒரு கோல் போட முடியவில்லை. பெனால்டி ஷூட் அவுட்டில் அடித்த மூன்றும் போயின. ஒன்று கம்பத்தில், இரண்டு கீப்பர் கையில். முதல் மேட்ச் ஏழு கோலை வைத்து அவர்களுடைய முன்களத்துக்கு மாலை போட்டவர்கள் அன்று என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. அதே ஸ்பெயின் 2010-இல் டர்பனில் முதல் மேட்ச்சில் சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்றுவிட்டுத்தான் கோப்பையை எடுத்தது. அந்தக் கோப்பை முழுவதற்கும் ஏழு மேட்ச்சில் அவர்கள் அடித்தது எட்டே கோல்.

உலகக் கோப்பை எல்லாம் நமக்கு எதற்கு என்பீர்கள். சென்னையின் எஃப்.சி.யைப் பாருங்கள். நம் நாட்டு ஐ.எஸ்.எல். லீக் கோப்பையை இரண்டு தடவை எடுத்த அணி. 2015-இல் முதல் மேட்ச், சொந்த மைதானத்தில் கொல்கத்தாவிடம் 2-3 தோல்வி. அந்த வருஷம் பாதி சீசனில் பட்டியலின் அடியில் கிடந்தார்கள். வெள்ளத்தில் சென்னையே மூழ்கியபோது அரையிறுதியைச் சொந்த ஊரில் ஆட முடியாமல் புனேயில் போய் ஆடினார்கள். இறுதி ஆட்டத்தில் கோவாவை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று ஜெயித்தார்கள். 2017-18 சீசனின் முதல் மேட்ச்சும் சொந்த மைதானம்தான். இடைவேளையில் 0-3, முடிவில் கோவாவிடம் 2-3. அடுத்த மார்ச்சில் பெங்களூரில் போய் 3-2 என்று கோப்பை. இரண்டு தடவையும் தொடக்கம் 2-3, முடிவு 3-2. எழுதி வைத்ததைப் போல. அந்த இரண்டு தோல்வியிலும் ஓட்டை தற்காப்பில் இருந்தது, முன்களத்தில் இல்லை என்று செயலாளர் அண்ணன் மடக்குவார். உண்மைதான். நான் அதைச் சொல்வது முதல் மேட்ச் எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சியில்லை என்பதற்காக.

நம் கரையில் பிறந்து ஐ.எஸ்.எல். வரை போய் ஆடிய மைக்கேல் சூசைராஜையும் நினைத்துப் பாருங்கள். 2020-21 சீசனின் முதல் மேட்ச், தொடங்கிக் கால் மணி நேரம் ஆவதற்குள் முழங்கால் போய்விட்டது. அந்த சீசனே போய்விட்டது. அன்றிரவு இந்தக் கரையில் எத்தனை வீட்டில் சோறு இறங்கவில்லை. அடிபட்டு ஆள் போனால் அழுகிறோம். நம்மிடம் காலும் கையும் நன்றாக இருக்கிற இரண்டு பேரை நாமே ஒரு காகிதத்தை ஒட்டி வெளியே அனுப்பியிருக்கிறோம்.

நம் பையன்கள் மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நோட்டு யாருக்கும் சலுகை தராது. நீக்கப்பட்ட இன்னொருவர், இடது விங், அன்று எட்டு தடவை பந்தைப் பறிகொடுத்தார். அதில் ஐந்து, பக்கத்தில் ஆள் நிற்கும்போது கொடுக்காமல் இரண்டு பேரை வெட்டப் போய் இழந்தது. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடி ஆடி வந்த பழக்கம். சின்ன கிரவுண்டில் கைதட்டு வாங்கித் தரும் வேலை, லெவன்ஸில் எதிரணிக்குப் பந்தைக் கொடுத்துவிடும். அவருக்கு இருபத்தேழு வயது, இரண்டு பிள்ளைகள். அவரிடம் யாராவது தனியாக உட்கார்ந்து இதைச் சொன்னீர்களா? கார்னரும் அப்படித்தான். ஒன்பது கார்னர் கிடைத்தது. ஒன்பதையும் முதல் கம்பத்துக்கே அடித்தோம், முதல் ஆளே தலையால் தட்டி வெளியே தள்ளினான். ஒன்பது தடவையும் அதே ஆள். அவன் தலை வீங்கியிருக்கும். இதற்கும் முன்களத்து இருவருக்கும் என்ன சம்பந்தம்? பயிற்சியில் கார்னருக்கு என்று ஒரு நாள் ஒதுக்கினால் சரியாகிற குறை இது. கெஸ்ட் பிளேயர் வந்தாலும் கார்னர் அடிக்கப் போவது நம் பையன்தான்.

மேட்ச் முடிந்து எல்லோரும் போன பிறகு நான் சுவரிலிருந்து இறங்கினேன். ஒன்பதாம் நம்பர் கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். வலது பூட்ஸின் அடி வாய் பிளந்திருந்தது. வலைநூலால் சுற்றித் தைத்து வைத்திருந்தான். வலை பின்னுகிற அதே முடிச்சு, அவன் அப்பா போட்டிருப்பார். ஈர மணலில் ஊறி நூல் தளர்ந்து, விரல் வெளியே தெரிந்தது. கம்பத்தில் பட்ட இரண்டாவது ஷாட் அந்தக் காலால் அடித்ததுதான். “டீச்சர், ஒரு விரல்கடை உள்ள வந்திருந்தா போதும்ல?” என்றான். போதும் என்றேன். அதற்குமேல் அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை பலகையில் பேர்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. பதினாறு வயதில் நானும் ஒரு மேட்ச் ஆடினேன். பெண்கள் அணி, வெளி மாவட்டத்தில் முதல் ஆட்டம். ஆள் இல்லாத கோலுக்கு நேராக வந்த பந்தை மேலே தூக்கி அடித்தேன். இப்போதும் சில ராத்திரி அந்தப் பந்து மேலே போவது தெரியும். பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. அடுத்த பட்டியலில் என் பெயர் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அதன் பிறகு அந்தச் சட்டையை நான் போடவே இல்லை. அந்த மேட்ச்சில் நான் வேறு என்னென்ன செய்தேன் என்று சொல்ல யாரிடமும் ஒரு குறிப்பும் இல்லை. அதனால்தான் நோட்டு வைத்திருக்கிறேன், வேறொன்றுமில்லை.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். கெஸ்ட் பிளேயர் ஒருவருக்கு ஒரு மேட்ச்சுக்கு 3,000 ரூபாய் என்று பேசியிருப்பதாகச் செயலாளர் அண்ணனே கடைத்தெருவில் சொன்னார். இரண்டு பேர், மீதி ஏழு மேட்ச். 42,000. சாப்பாடும் பஸ் காசும் தனி. இது படகுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வீடும் கொடுத்த பணம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அறுபத்தொரு நாள் எந்த விசைப்படகும் போகாது, எந்த வீட்டிலும் வரவு இல்லை. அந்த நேரத்தில் ஊர்ப் பணத்தை எடுத்து, நம் பிள்ளைகளை வெளியே நிற்க வைத்துவிட்டு, மேட்ச் அன்றைக்கு மட்டும் வந்து ஆடிவிட்டுப் போகிறவர்களுக்குக் கொடுப்பதா? வருகிறவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்களுக்கும் பிழைப்பு. ஆனால் அவர்களுக்கும் அதே வளைந்த பந்துதானே வரப்போகிறது.

தடைக்காலத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அதை நீங்கள் யோசிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். நம் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் கரையில் இருப்பது வருஷத்தில் இந்த இரண்டு மாதம்தான். எட்டாம் நம்பர் இருக்கிறான், தினமும் சாயங்காலம் இருக்கிறான். அவனும் ஒன்பதாம் நம்பரும் பத்து நாள் சேர்ந்து ஆடினால் நேர் அம்பு எத்தனை ஆகும் என்று பார்க்க வேண்டாமா? வருஷத்தில் ஒரே ஒரு தடவை கிடைக்கிற காலம் தொடங்கிய முதல் வாரத்திலேயே அணியைப் பிரித்துவிட்டீர்கள்.

நான் கேட்பது இவைதான்.

பலகையில் உள்ள அறிவிப்பை இன்றே எடுத்துவிடுங்கள். எடுத்த இடத்தில் புதிதாக ஒன்று ஒட்டுங்கள். ‘திறமையின்மை’ என்ற சொல்லைக் கமிட்டி திரும்பப் பெறுகிறது என்று அதே கையெழுத்தோடு, அதே முத்திரையோடு இருக்க வேண்டும். மன்னிப்பு என்ற வார்த்தை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது உங்கள் மனசு.

இருவரையும் அணியில் திரும்பச் சேருங்கள். அடுத்த மேட்ச்சில் இறக்கியே ஆக வேண்டும் என்பதில்லை, அது கோச்சின் வேலை. முன்களத்தைப் பற்றி எந்த முடிவானாலும் குறைந்தது நாலு மேட்ச் முடிந்த பிறகு எடுங்கள். அப்போது எத்தனை கோல் என்று மட்டும் பார்க்காமல் எத்தனை ஷாட், எங்கிருந்து, பந்து எப்படி வந்தது என்று பாருங்கள். நாலு மேட்ச்சிலும் பந்து காலுக்கு வந்தும் ஷாட்டே இல்லை என்றால், அந்தப் பையனை உட்கார வையுங்கள் என்று முதலில் சொல்வது நானாகத்தான் இருக்கும்.

கெஸ்ட் பிளேயர் பேச்சை அதுவரை நிறுத்தி வையுங்கள். 42,000-இல் ஒரு பங்கை எடுத்து இரண்டு நல்ல பந்து, கோல் வலை, இரண்டு மூன்று பேருக்கு பூட்ஸ் வாங்குங்கள். மற்றது கணக்கிலேயே இருக்கட்டும். படகுப் பணத்தைத் தொடுவதாக இருந்தால் பணம் கொடுத்தவர்களைக் கூட்டிக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

மேட்ச் நடக்கும்போது களத்துக்குள் சத்தம் கொடுப்பது கோச் மட்டும் என்று ஒரு விதி வையுங்கள். நாற்காலிகளைக் கோட்டிலிருந்து பத்து அடி பின்னால் தள்ளிப் போட்டாலே பாதி சரியாகும்.

கடைசியாக, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். உறுப்பினராக்குங்கள் என்று கேட்கவில்லை. இதுவரை ஒரு பெண்ணும் அந்த அறைக்குள் உட்கார்ந்ததில்லை என்பதும் தெரியும். நின்றுகொண்டே நோட்டைத் திறந்து இரண்டு பக்கம் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை பயிற்சி. அதற்கு முன்னால், வியாழக்கிழமைக்குள், இருவர் வீட்டுக்கும் ஆள் அனுப்பி வரச் சொல்லுங்கள். போனில் வேண்டாம், தலைவர் மாமா நேரில் போங்கள். ஒன்பதாம் நம்பர் வீட்டில் அவன் அம்மாதான் கதவைத் திறப்பார்.

இப்படிக்கு,
கடல் பக்கக் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் உட்காரும் டீச்சர்